தொப்பூர் ஏற்றத்தில் ஒரு விமான எஞ்சின்

அக்கா மகன் கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிறான். மெக்கானிக்கல். வெளிநாட்டு வேலைக்குப் போன அவன் நண்பன் விமான ஜன்னலில் இருந்து எடுத்த போட்டோ ஒன்றை அனுப்பியிருந்தான். இறக்கைக்குக் கீழே பெரிய எஞ்சின், அதன் மேல் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஆங்கில ஆர்.

"மாமா, இது ரோல்ஸ் ராய்ஸ் தானே? கோடீஸ்வரங்க வாங்குற கார். அவங்க எதுக்கு விமானத்துக்கு எஞ்சின் செய்யறாங்க? அதே கம்பெனியா?"

"ஆமாம். ஆனா இல்லை" என்றேன்.

ஓசூரில் இருபது வருஷத்துக்கு மேல் டூல் ரூமில், அதாவது தொழிற்சாலைக்கு வேண்டிய அச்சுகளும் கருவிகளும் செய்யும் பிரிவில், காலம் தள்ளியவன் நான். இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு சும்மா இருக்க முடியுமா? அன்று சாயங்காலம் அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். எஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் படிக்கலாம்.

முதல் விமானத்தில் இருந்தே கார்க்காரர்கள் கதைக்குள் வந்துவிடுகிறார்கள், ஆனால் கையை விரித்தவர்களாக. அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1902 கடைசியில் பல எஞ்சின் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். எடை குறைவாக, எட்டு குதிரைத்திறன் கொடுக்கும் பெட்ரோல் எஞ்சின் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். தோதான எஞ்சின் யாரிடமும் கிடைக்கவில்லை. கடைசியில் அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர், ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு ஆறு வாரத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தார். 12 குதிரைத்திறன், சுமார் 80 கிலோ. 1903 டிசம்பரில் அந்த எஞ்சின்தான் பறந்தது. அதாவது ஒரு குதிரைத்திறனுக்குக் கிட்டத்தட்ட 7 கிலோ. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

கார் எஞ்சினைத் தூக்கி விமானத்தில் வைத்தால் என்ன?

சேலத்தில் இருந்து தர்மபுரிக்கு வரும் லோடு லாரி தொப்பூர் கணவாய் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழ் கியர், முழு ரேஸ், நடக்கிற மனுஷன் முந்திவிடுவான் போன்ற வேகம். எஞ்சின் தன் முழு பலத்தையும் கொடுக்கிற இடம் அது. கணவாய் ஏறி முடித்துத் தர்மபுரி தாண்டிவிட்டால் கிருஷ்ணகிரி வரை பெரிய சிரமம் இல்லை. எஞ்சின் மூச்சு விட்டுக்கொள்ளும். காரும் அப்படித்தான். சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் பலத்தில் கால்வாசிகூடச் செலவாகாது. மீதி, முந்துவதற்கும் மேடு ஏறுவதற்கும் வைத்திருக்கும் கையிருப்பு.

விமானத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. கிளம்பும்போது முழு பலம். மேலே போய்ச் சீராகப் பறக்கும்போதும் முக்கால் பலம், அதுவும் மணிக்கணக்கில். தொப்பூர் ஏற்றம் முடியாமல் டெல்லி வரை நீண்டு போனால் எப்படி இருக்கும்? விமான எஞ்சினின் பிழைப்பு அதுதான். கார் எஞ்சினை அப்படி ஓட்டினால் முதலில் சூடு ஏறும், அப்புறம் வால்வு கருகும், பேரிங் உருகும்.

அடுத்தது எடை. லாரியில் எஞ்சின் 50 கிலோ கூடினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். விமானத்தில் அந்த 50 கிலோவையும் தூக்கிக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

நின்றுபோனால் என்ன ஆகும் என்பது மூன்றாவது. காரை ஓரம் கட்டலாம். வானத்தில் ஓரம் இல்லை. அதனால் பிஸ்டன் விமான எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்குத் தீப்பொறி கொடுக்க இரண்டு தனித்தனி மேக்னெட்டோ. ஒன்று செத்தாலும் மற்றது இழுத்துக்கொண்டு போகும்.

நான்காவது காற்று. ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சென்னையைவிட இங்கே காற்று கொஞ்சம் மெலிது. ஆனால் கார் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. 6,000 மீட்டருக்கு மேலே போனால் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். காற்று பாதி என்றால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் பாதி, பலமும் பாதி. அதனால் காற்றை அழுத்தி உள்ளே திணிக்க ஒரு விசிறி வேண்டும். எஞ்சினே சுற்றினால் அது சூப்பர்சார்ஜர். வெளியே போகும் புகை சுற்றினால் டர்போ.

ஐந்தாவது எனக்கு ரொம்பப் பிடித்தது, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 3 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரை நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்ற விடுங்கள். வினாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு நுனி போகும் தூரம் 9.4 மீட்டர். பெருக்கினால் வினாடிக்கு 470 மீட்டர். ஒலியின் வேகம் சுமார் 340 தான்! நுனி ஒலியைத் தாண்டிவிட்டால் சத்தம்தான் கூடும், இழுவை குறைந்துவிடும். அதனால் விமான எஞ்சினை மெதுவாகச் சுற்ற வைக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் ஒரு கியர் போட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பேர் வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் 27 லிட்டர். 1940 வாக்கில் அது கொடுத்தது ஆயிரத்துச் சொச்சம் குதிரைத்திறன். நம் ஊர்த் தெருவில் ஓடும் 1.2 லிட்டர் மாருதி ஸ்விஃப்ட் 80 சொச்சம் கொடுக்கிறது. லிட்டர் கணக்கில் பார்த்தால் மாருதிதான் ஜெயிக்கும்! ஆனால் மாருதி அந்த பலத்தைக் கொடுப்பது நிமிடத்துக்கு 6,000 சுற்று பக்கம் போனால்தான், அதுவும் சில நொடிகளுக்கு. மெர்லின் 3,000 சுற்றிலேயே கொடுத்தது.

அப்படியானால் கார்க்காரர்களுக்கு இதில் என்ன வேலை?

1914-ல் முதல் உலகப்போர் வந்தது. விமானம் வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கில் வேண்டும். அந்தக் காலத்தில் பெட்ரோல் எஞ்சினை நிறைய எண்ணிக்கையில் செய்யத் தெரிந்தவர்கள் யார் என்று தேடினால் கார் பட்டறைகள்தான் கண்ணில் பட்டன. வார்ப்பு, கடைசல், கிராங்க் ஷாஃப்ட் அடிக்கும் உலை, டெஸ்ட் செய்யும் இடம், எல்லாமே அங்கே இருந்தன.

ரோல்ஸ் ராய்ஸ் அப்போது வெறும் கார் கம்பெனி. அதன் இரண்டு நிறுவனர்களில் ஒருவரான சார்லஸ் ரோல்ஸுக்கு விமானப் பைத்தியம். 1910-ல் விமான விபத்திலேயே செத்துப்போனார். கம்பெனி விமான எஞ்சின் பக்கம் வந்தது போர் வந்த பிறகுதான். 'ஈகிள்' என்ற பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினைச் செய்தார்கள். 1919-ல் ஆல்காக், பிரவுன் என்ற இரண்டு பேர் அட்லாண்டிக் கடலை முதன்முதலாக எங்கும் இறங்காமல் தாண்டிய விமானத்தில் இரண்டு ஈகிள் எஞ்சின்கள் இருந்தன.

ஸ்பெயினில் ஆடம்பரக் கார் செய்துகொண்டிருந்த ஹிஸ்பானோ சூய்சாவின் பொறியாளர் மார்க் பிர்கிட் செய்த காரியம் இன்னும் சுவாரசியம். அதுவரை இந்த மாதிரி எஞ்சின்களில் சிலிண்டர்களைத் தனித்தனியாகச் செய்து வரிசையாக போல்ட் போட்டு நிறுத்துவார்கள். அவர் ஒரு வரிசையின் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து அலுமினியத்தில் ஒரே கட்டியாக வார்த்து, உள்ளே எஃகுக் குழாய்களைத் திருகி வைத்தார். எடை குறைந்தது, எஞ்சின் விறைப்பாகவும் நின்றது. பிரெஞ்சுப் போர் விமானங்கள் இந்த எஞ்சினால் பேர் வாங்கின.

அமெரிக்கா 1917-ல் போருக்குள் வந்தபோது கையில் உருப்படியான எஞ்சின் எதுவும் இல்லை. பேக்கார்ட் கார் கம்பெனியின் ஜெஸ்ஸி வின்சென்ட்டையும், எல்பர்ட் ஹால் என்ற இன்னொரு எஞ்சின் நிபுணரையும் வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அடிப்படை வரைபடம் தயார். பேர் 'லிபர்ட்டி'. 400 குதிரைத்திறன், 380 கிலோ பக்கம். ரைட் சகோதரர்களின் கணக்கு நினைவிருக்கிறதா? ஒரு குதிரைத்திறனுக்கு 7 கிலோ என்பது பதினாலே வருஷத்தில் ஒரு கிலோவுக்கு வந்துவிட்டது.

லிபர்ட்டியில் எனக்கு முக்கியமாகப் படுவது, அதை யார் யார் செய்தார்கள் என்பது. பேக்கார்ட், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக், பியூக். லிங்கன் என்ற கம்பெனியையே ஹென்றி லேலண்ட் இந்த எஞ்சின் செய்வதற்காகத்தான் 1917-ல் தொடங்கினார். கார் அப்புறம்தான் வந்தது. எல்லோருமாகச் சேர்ந்து 20,000-க்கு மேல் செய்து தள்ளினார்கள். ஒரே வரைபடம், பல பட்டறைகள், எங்கே செய்த துண்டும் எங்கே செய்த எஞ்சினிலும் உட்கார வேண்டும். கார் எஞ்சினும் விமான எஞ்சினும் வேறு வேறு ஜாதி என்று மேலே அவ்வளவு சொன்னேன். எஞ்சின் வேறுதான். ஆனால் ஒரே மாதிரிப் பொருளை ஆயிரக்கணக்கில் செய்கிற வித்தை கார்க்காரர்களிடம்தான் இருந்தது. அரசாங்கங்கள் அவர்களைத் தேடிப் போனது அதற்காகத்தான்.

பிஎம்டபிள்யூ கதை தலைகீழ். அது பிறந்ததே விமான எஞ்சின் செய்வதற்காக. போரில் தோற்ற ஜெர்மனி விமான எஞ்சின் செய்யக் கூடாது என்று வெர்சாய் ஒப்பந்தம் தடை போட்டதும், பிழைப்புக்கு ரயில் பிரேக் செய்தார்கள், 1923-ல் மோட்டார் சைக்கிள், 1928-ல் ஒரு சின்ன கார் கம்பெனியை வாங்கித்தான் காருக்கே வந்தார்கள். அந்த நீல வெள்ளைச் சின்னம் சுற்றும் புரொப்பெல்லர் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். நம்ப வேண்டாம். அது பவேரியா மாநிலத்தின் நிறம். 1929 வாக்கில் ஒரு விளம்பரத்தில் அந்தச் சின்னத்தைப் புரொப்பெல்லர் மேல் வைத்துக் காட்டினார்கள், அன்றில் இருந்து கதை ஒட்டிக்கொண்டது.

அரம் பிடித்தவரும் கேஜ் பிடித்தவரும்

மெர்லின் எஞ்சினுக்கு வருகிறேன். டூல் ரூம்காரனுக்கு இது கோயில் கதை மாதிரி, கொஞ்சம் நீளும்.

1939-ல் போர் தொடங்கியதும் மெர்லினுக்குத் தேவை எகிறியது. ரோல்ஸ் ராய்ஸின் சொந்தப் பட்டறைகள் போதவில்லை. இங்கிலாந்தில் இருந்த ஃபோர்டு கம்பெனியைக் கேட்டார்கள். வரைபடங்களை எல்லாம் பார்த்த ஃபோர்டு பொறியாளர், இதை வைத்து எங்களால் எஞ்சின் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். எங்கள் துல்லியம் உங்களுக்கு எட்டவில்லையோ என்று கேட்டபோது, அவர் சொன்ன பதில் நேர் எதிர்: உங்கள் அளவுகள் எங்களுக்கு ரொம்பத் தளர்வாக இருக்கின்றன. ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர் ஸ்டான்லி ஹூக்கர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த சம்பவம் இது.

ஊரே மெச்சும் ரோல்ஸ் ராய்ஸ் எப்படித் தளர்வாக இருக்கும்?

நம் ஊர்த் தச்சரை நினைத்துப் பாருங்கள். நிலையை வைத்துவிட்டு, கதவை அதற்குத் தகுந்த மாதிரி இழைத்து இழைத்துப் பொருத்துவார். கச்சிதமாக உட்காரும். ஆனால் அந்தக் கதவைக் கழற்றிப் பக்கத்து வீட்டு நிலையில் மாட்டினால் சேராது. ரோல்ஸ் ராய்ஸ் ஃபிட்டர்கள் அந்தத் தச்சரைப் போன்ற கைகாரர்கள். வரைபடத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தாலும் அரத்தால் தேய்த்து, சுரண்டிப் பார்த்துச் சேர்த்துவிடுவார்கள். ஃபோர்டு பட்டறையில் அப்படி ஆள் கிடையாது. அங்கே ஒரு மெஷினில் இருந்து வரும் எந்தத் துண்டும், இன்னொரு மெஷினில் இருந்து வரும் எந்தத் துண்டோடும் அப்படியே சேர வேண்டும். கடையில் வாங்கிய நட்டு எந்த போல்ட்டிலும் ஏறுவது மாதிரி. அதற்கு அளவு இன்னும் இறுக்கமாக இருந்தாக வேண்டும்.

ஆகவே ஃபோர்டு ஆட்கள் வரைபடங்களைத் திரும்ப வரைந்து, அளவுகளை இறுக்கி, செய்த துண்டு அந்த அளவில் இருக்கிறதா என்று சரிபார்க்கும் கேஜ்களைச் செய்தார்கள். அதற்கே நிறைய மாதங்கள் பிடித்தன. அப்புறம் மான்செஸ்டர் பக்கத்தில் கட்டிய பட்டறையில் இருந்து 30,000-க்கு மேல் மெர்லின் வெளியே வந்தது. அதில் வேலை பார்த்த பெரும்பாலானோர் அதற்கு முன் எஞ்சினைத் தொட்டதே இல்லை. ஆயிரக்கணக்கில் பெண்களும் இருந்தார்கள். கைத்திறமையை ஆளிடம் இருந்து எடுத்து மெஷினுக்கும் கேஜுக்கும் மாற்றினால் இது நடக்கும். ஃபிட்டராக வாழ்ந்தவர்களுக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் வலிக்கும், எனக்கும் வலிக்கிறது. ஆனால் உண்மை.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டையே கேட்டார்கள். 1940-ல் பிரிட்டனுக்காகச் செய்ய மாட்டேன் என்று பின்வாங்கிவிட்டார். அந்த வேலை பேக்கார்டுக்குப் போனது. அங்கே வந்த தலைவலியை பாலிடெக்னிக் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள். ஒரு பொருளின் மேல், முன், பக்கத் தோற்றங்களைத் தாளில் எங்கெங்கே வைப்பது என்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. பிரிட்டிஷ் வரைபடம் முதல் கோண வீழல் முறையில் இருந்தது, அமெரிக்கர்கள் வரைவது மூன்றாம் கோணத்தில். முதல் வருஷம் டிராயிங் வகுப்பில் எங்கே மேல்தோற்றம், எங்கே முன்தோற்றம் என்று முழித்தீர்களே, அதே சிக்கல்தான், ஆயிரக்கணக்கான தாள்களில்! எல்லாவற்றையும் திரும்ப வரைந்தார்கள். ஆனால் மரைகளை மட்டும் மாற்றவில்லை. பிரிட்டிஷ் அளவு மரை வெட்ட வேண்டிய டேப், டை என்ற கருவிகள் அமெரிக்காவில் கிடைக்காததால் தாங்களே செய்துகொண்டார்கள். பிரிட்டனில் பழுது பார்க்கிறவர் கையில் இருக்கும் ஸ்பேனர் இதற்கும் சேர வேண்டும் அல்லவா. பேக்கார்ட் செய்தது 55,000 எஞ்சின்கள் பக்கம். புகழ்பெற்ற மஸ்டாங் போர் விமானத்தை நீண்ட தூரம் ஓட்டியது இதுதான்.

எதிரணியிலும் கார்க்காரர்தான். ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தில் இருந்தது டைம்லர் பென்ஸ் எஞ்சின், அதாவது மெர்சிடிஸ் கார் செய்கிறவர்கள். அதில் பெட்ரோல் சிலிண்டருக்குள் நேரே பீச்சப்பட்டது. மெர்லினில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டர். விமானத்தின் மூக்கைச் சட்டென்று கீழே குத்தினால் கார்புரேட்டரில் பெட்ரோல் மேலே எகிறி, எஞ்சின் ஒரு கணம் இருமி அடங்கும். ஜெர்மானியர் அதற்குள் தப்பிவிடுவார். பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண்மணி இதற்குக் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? பெட்ரோல் குழாயில் வைக்க, நடுவில் அளவாக ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோக வில்லை. தேவைக்கு மேல் பெட்ரோல் வெள்ளமாக வராமல் அது தடுத்தது. 1941-ல் விமானத் தளம் தளமாகப் போய்ப் பொருத்தினார்கள். முழுத் தீர்வு பின்னால் வந்தது, அதுவரை இந்த வில்லை காப்பாற்றியது.

மெர்சிடிஸ்காரர்கள் அந்த நேரடிப் பீச்சலை 1954-ல் தங்கள் 300 எஸ்எல் காரில் கொண்டுவந்தார்கள். விமானத்தில் இருந்து சாலைக்கு இறங்கிய இன்னொன்று டர்போ. 1918-ல் அமெரிக்காவில் பைக்ஸ் பீக் என்ற 4,300 மீட்டர் மலை உச்சிக்கு ஒரு லிபர்ட்டி எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், டர்போ மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். கடல் மட்டத்தில் கொடுத்த பலத்தை அந்த மெல்லிய காற்றிலும் கொடுத்தது. இன்று தொப்பூர் ஏறும் லாரியில் விசில் மாதிரி கேட்கிறதே, அதே சங்கதிதான்.

பாதை பிரிந்த இடம்

இவ்வளவு நெருக்கமாக இருந்தவர்கள் ஏன் பிரிந்தார்கள்? ஜெட் வந்தது.

பிஸ்டன் எஞ்சினில் காற்றை இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, வெளியே தள்ளுவது என்ற நாலு வேலையும் ஒரே சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஜெட்டில் அதே நாலு வேலையும் ஒரு நீளக் குழாயில், நாலு இடத்தில், ஒரே நேரத்தில், நிற்காமல் நடக்கும். முன்னால் விசிறிகள் அழுத்தும், நடுவில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், பின்னால் சூடான வாயு ஒரு டர்பைனைச் சுற்றும், அந்த டர்பைன் முன்விசிறிகளைச் சுற்றும். நின்று நின்று எரியும் ஸ்டவ்வுக்கும் ஓயாமல் எரியும் சூளைக்கும் உள்ள வித்தியாசம்.

பிரிட்டனில் ஃபிராங்க் விட்டில் என்ற பொறியாளர் வடிவமைத்த ஜெட் எஞ்சினைச் செய்யும் வேலை முதலில் போனது ரோவர் கார் கம்பெனிக்கு. விட்டிலுக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை, வேலை இழுத்தது. 1942 கடைசியில் ரோல்ஸ் ராய்ஸின் எர்னெஸ்ட் ஹைவ்ஸும் ரோவரின் ஸ்பென்சர் வில்க்ஸும் ஒரு ஊர் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டபடியே பண்டமாற்று பேசி முடித்தார்கள். ஜெட் ரோல்ஸ் ராய்ஸுக்கு. அதற்குப் பதில், மெர்லினில் இருந்து உருவான பீரங்கி வண்டி எஞ்சின் செய்யும் வேலை ரோவருக்கு. வானத்தின் எதிர்காலம் ஒரு சாப்பாட்டு மேஜையில் கைமாறியது. அந்த ரோவரின் வழியில் வந்த லேண்ட் ரோவர் 2008 முதல் டாடாவிடம் இருக்கிறது.

ஜெட்டைக் காருக்குள் வைத்துப் பார்க்கவும் செய்தார்கள். ரோவர் 1950-ல் ஒரு டர்பைன் கார் செய்தது. கிரைஸ்லர் 1963, 64-ல் ஐம்பது கார்கள் செய்து பொதுமக்களிடம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. சரிப்படவில்லை. டர்பைனுக்குப் பிடித்தது நிற்காத முழு ஓட்டம். கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் சும்மா நிற்கும்போதும் அது எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் யோசித்துத்தான் கிளம்பும். எந்தக் குணம் அதை வானத்தில் ராஜாவாக்கியதோ அதே குணம் தரையில் கெடுத்தது. முதலில் சொன்ன தொப்பூர் கணக்கேதான்.

இப்போது மருமகனின் கேள்விக்கு வரலாம். ரோல்ஸ் ராய்ஸ் ஒரே கம்பெனியாக 1971 வரை இருந்தது. ஆர்பி211 என்ற புதிய பெரிய ஜெட் எஞ்சினை உருவாக்கும் செலவு கையை மீறிப் போனது. முன்விசிறியை கார்பன் நாரில் செய்து எடையைக் குறைக்கப் பார்த்தார்கள். பறவை மோதும் சோதனையில் அது தாங்கவில்லை, டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. 1971 பிப்ரவரியில் கம்பெனி திவாலானது. அரசாங்கம் விமான எஞ்சின் பக்கத்தை எடுத்துக்கொண்டது. கார் பக்கம் 1973-ல் தனியாகப் பிரிந்தது. பிறகு கை மாறி, 1998-ல் விற்பனைக்கு வந்தபோது தொழிற்சாலையை வாங்கியது ஃபோக்ஸ்வாகன். ஆனால் 'ரோல்ஸ் ராய்ஸ்' என்ற பேரின் உரிமை விமான எஞ்சின் கம்பெனியிடம் இருந்தது. அவர்கள் அதை பிஎம்டபிள்யூவுக்கு 4 கோடி பவுண்டுக்குக் கொடுத்தார்கள். 2003-ல் இருந்து அந்தக் காரைச் செய்வது பிஎம்டபிள்யூ.

அதாவது கார் செய்யப் பிறந்தவர் விமான எஞ்சின் செய்கிறார். விமான எஞ்சின் செய்யப் பிறந்தவர், முதலாமவரின் பேரில் கார் செய்கிறார். ஆளுக்கு ஆள் வீடு மாற்றிக்கொண்டு, வாசல் பலகையை மட்டும் பகிர்ந்துகொண்ட மாதிரி. "ஆமாம், ஆனா இல்லை" என்று நான் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

உறவு முழுதும் அறுந்துவிடவில்லை. ஹோண்டா, ஜெனரல் எலெக்ட்ரிக்கோடு சேர்ந்து சின்ன ஜெட் எஞ்சின் செய்து, அதைத் தன் சொந்த விமானமான ஹோண்டாஜெட்டில் வைத்துப் பறக்கிறது. ஜப்பானின் நகாஜிமா விமானக் கம்பெனி போருக்குப் பிறகு கலைக்கப்பட்டு, ஸ்கூட்டர் செய்து பிழைத்து, கடைசியில் சுபாரு கார் ஆனது. சுபாரு என்றால் நம்முடைய கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். சின்னத்தில் ஆறு நட்சத்திரம் இருப்பது அதனால்தான். இன்றும் அவர்கள் போயிங் விமானத்துக்கு இறக்கை நடுப்பகுதி செய்து கொடுக்கிறார்கள்.

ஆஸ்திரியாவின் டயமண்ட் கம்பெனி செய்யும் சின்ன விமானங்கள் சிலவற்றில் மெர்சிடிஸ் காரின் 2 லிட்டர் டீசல் எஞ்சினில் இருந்து உருவாக்கிய எஞ்சின் ஓடுகிறது. கார் எஞ்சினை வானத்துக்கு ஏற்ற என்ன மாற்றம் செய்தார்கள் என்று பார்த்தால் மேலே சொன்ன பட்டியல்தான் வருகிறது: புரொப்பெல்லர் வேகத்தைக் குறைக்க கியர் பெட்டி, ஒன்று செத்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ள இரட்டைக் கணினிக் கட்டுப்பாடு, மெல்லிய காற்றுக்கு டர்போ.

இதை எல்லாம் சொல்லி முடித்தபோது மருமகன், "இதெல்லாம் எங்கயோ சீமையில மாமா. நம்ம பக்கம் என்ன இருக்கு?" என்றான். லாரிக்கு அசோக் லேலண்ட், பைக்குக்கு டிவிஎஸ், இரண்டும் ஓசூரில். அதே ஓசூர் பெலகொண்டப்பள்ளியில் விமான ஓடுபாதையோடு ஒரு தனியார் விமானத் தொழிற்சாலை இருக்கிறது. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் எஞ்சின் பிரிவு பெங்களூரில், பஸ் ஏறினால் போய்விடலாம். நடுவில் சிப்காட்டைச் சுற்றி எத்தனையோ சின்னப் பட்டறைகள். அதில் ஒன்று என் நண்பருடையது. மறுநாள் அவனை அங்கே கூட்டிப்போனேன்.

ஹாலில் கணினி கட்டுப்பாட்டில் ஓடும் மூன்று சிஎன்சி மெஷின்கள் பைக் பிரேக்குக்கான துண்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பெரிய பிளாஸ்டிக் கூடைகளில் அள்ளிப் போடுகிறார்கள். உள்ளே கண்ணாடி அறையில் நாலாவது மெஷின். அதே கம்பெனி, அதே மாடல். அதில் ஒரு மோதிரம் போன்ற வளையம் தயாராகிறது, விமானத்துக்குப் போவது. ஒவ்வொன்றும் தனித்தனி நுரைக் குழியில், நம்பரோடு.

மருமகன் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். "ரெண்டும் ஒரே மாதிரி கடைசல்தானே அண்ணா, இதுல என்ன விசேஷம்?" என்று மெஷின் ஓட்டும் பையனைக் கேட்டான்.

அந்தப் பையன் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியில் இருந்து கனமான ஒரு ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தான். அந்த வளையத்தின் இரும்பு எந்த உருக்கில், எந்தத் தேதியில் ஊற்றப்பட்டது, யார் வெட்டினார், எந்த மெஷின், எந்தக் கேஜ், அந்தக் கேஜைக் கடைசியாகச் சரிபார்த்தது எப்போது என்று பக்கம் பக்கமாக இருந்தது. மருமகன் வளையத்தை மெல்ல அதன் குழியிலேயே திரும்ப வைத்தான்.